ஜன்னலில் நான் வரையாத குழந்தை

நான் வரையாத ஒன்று என் படத்துக்குள் எப்படி வந்தது? ஒரு வருடமாகிவிட்டது, இன்னும் பதில் தெரியவில்லை. பேய், சகுனம் எதையும் நம்பாதவள் நான். கல்யாணத்துக்கே நாள் பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் வாதாடியவள். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது மகளுக்கு ஒன்றரை வயது. ஞாயிறு மாலைகளில் அவளைக் கணவரிடம் விட்டுவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பென்சிலால் தெருவை வரைவேன். அன்று படியிறங்கியவள், ஜன்னல் கம்பிக் கதவைப் பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

"பூட்டியாச்சு லா, போ. கொஞ்ச நேரம் நான் பாத்துக்க மாட்டேனா?" என்றார் கணவர்.

நான் வலக்கைக்காரி. கை பட்டால் பென்சில் கரி இழுபடும் என்பதால் இடது ஓரத்தில் தொடங்குவேன். பூக்கடைகள், மோனோரயில் தூண், பிறகு எங்கள் கட்டடம். எங்கள் ஜன்னலை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தேன், கம்பிகளைக் கடைசியில் போடலாம் என்று. மாலை வெயில் கண்ணாடிகளில் பட்டுக் கூசியதால் மேலே ஒன்றும் தெரியவில்லை.

நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் கொண்டுவந்த கடைக்கார அண்ணன் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, பாப்பாவ ஜன்னல்ல நிக்க வச்சிட்டு கம்பி போட மறந்துட்டீங்க?"

பார்த்தேன். வெள்ளையாக விட்ட இடத்தில், சுண்டுவிரல் நகமளவு ஒரு குழந்தை நின்றது.

கணவரைக் கைப்பேசியில் அழைத்தேன். "பாப்பா தூங்குது லா," என்றார், அவரே பாதித் தூக்கத்தில். சாலையைக் கடந்து, படியேறி ஓடினேன். அவர் சோபாவில் கண்மூடிக் கிடந்தார். துணி காயப்போட அவர் திறந்த கம்பிக் கதவு திறந்தே கிடக்க, அதன் கீழிருந்த ஸ்டூலில் மகள் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தாள்.

என் பயம்தான் எனக்கே தெரியாமல் கையை ஓட்டியிருக்கும் என்று வெகுநாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒருநாள் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். என் நிழல்கோடுகள் எல்லாம் வலப்பக்கமாக மேலேறும். வலக்கைக்காரர்களுக்கு அப்படித்தான் விழும். அந்தக் குழந்தையின் கோடுகள் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன, இடக்கைக்காரர் யாரோ போட்டதைப் போல.

போன வாரம் மகள் என் பென்சிலை எடுத்துச் சுவரில் கிறுக்கினாள். இடது கையால்.

"சோத்துக் கையில புடி, பாப்பா," என்று கணவர் மாற்றிக் கொடுத்தார், எல்லா வீடுகளிலும் செய்வதுபோல. அவள் மறுபடியும் இடக்கைக்கே கொண்டுபோனாள்.

அன்று என்னை ஓட வைத்தது அந்தக் கைதான் என்றால், அதை நாங்கள் மாற்றலாமா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.