நாற்பத்தோராம் பக்கத்துத் தண்ணீர்

கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அது கடைசியில் வருகிறது.

தென்காசியில், குற்றாலம் ரோட்டில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஹவில்தார் பால்வண்ணநாதன் அண்ணாச்சி எழுபத்தொன்றாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டையைப் பற்றி எழுதிய புத்தகத்தை நான்தான் டைப் அடித்தேன். அவர் கணக்கில் எதிரி எப்போதும் இருநூறு பேர், நம்மவர் பன்னிரண்டு பேர். சிரித்துக்கொண்டேதான் அடித்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் மட்டும் அழுதுவிட்டேன். அவரோடு அதே சண்டையில் நின்ற இலத்தூர்க்காரர் இசக்கிமணி, குண்டடிபட்டு, அண்ணாச்சியின் மடியில் படுத்து, அவர் கையால் தண்ணீர் குடித்துக் கண் மூடிய பக்கம் அது. முதல் பிரதி இசக்கிமணியின் தங்கை ஆவுடைத்தாய்க்கு என்று சொல்லியிருந்தார்.

போன ஜூலை. நல்ல சாரல். மாலை 4.10க்குக் கரண்ட் போனது. வாசலில் ஒருவன் நின்றான். இருபத்திரண்டு வயது இருக்கும். அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள் ரோட்டில் சொட்டச் சொட்டப் போய்க்கொண்டிருந்தார்கள். இவன் மட்டும் காய்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. இடது கை வயிற்றை அழுத்தியபடியே இருந்தது.

"அக்கா... கொஞ்சம் தண்ணி."

எவர்சில்வர் தம்ளரில் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தான். மடக்... மடக்... மடக்... நிறுத்தவேயில்லை. ஒரு தம்ளருக்கு இவ்வளவு நேரமா?

கீழே வைத்தான். தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது.

"நாப்பத்தோராம் பக்கம் தப்புக்கா..."

அந்தப் பக்கத்தை அண்ணாச்சியையும் என்னையும் தவிர யாரும் பார்த்ததில்லை.

"நான் குடிக்கல."

4.13. கரண்ட் வந்தது.

வாசலில் யாருமில்லை.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, கடைக்கு ஒரு ஆளு..."

"தண்ணி கேட்டானா?"

நான் இன்னும் எதுவுமே சொல்லவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். தம்ளரையும் சொன்னேன். அண்ணாச்சி சொல்ல ஆரம்பித்தார்.

"இருபதடி தள்ளிக் கெடந்தாம்மா. விடிய விடிய 'அண்ணே தண்ணி, அண்ணே தண்ணி'ன்னான். எங்கிட்ட பாட்டில் நெறையத் தண்ணி இருந்துச்சு. தலயத் தூக்குனா சுடுவான்... பயந்து கெடந்துட்டேன். மடியும் கெடயாது, ஒண்ணும் கெடயாது. அவங்க அம்மா மொகத்தப் பாத்ததும், எம் மடியில தண்ணி குடிச்சுட்டுத்தான் போனான்னு வாயில வந்துட்டு. அதையே அம்பது வருசமாச் சொல்லுதேன்."

அன்றைக்கே இலத்தூருக்குப் போய் ஆவுடைத்தாயிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் குடும்பத்தில், தாகத்தோடு செத்தவர்களுக்கு வருஷா வருஷம் வாசலில் ஒரு செம்புத் தண்ணீர் வைப்பார்களாம். அந்த அம்மா திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"குடிச்சுட்டுத்தான் போனான்னு சொன்னியளே... அதனாலதான எங்கண்ணனுக்கு ஒரு வருசங்கூட நாங்க தண்ணி வைக்கல?"

அன்று இரவே செம்பு வைத்தார்களாம். மறுநாள் காலை 6.20க்கு அண்ணாச்சி போன் செய்தார். எட்டு வயதுப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"சுகந்தி... ஒன் கடைத் தம்ளர்ல... கொறஞ்சிருக்காம்மா?"

போனைக் காதில் வைத்தபடியே கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தேன். அவன் வைத்த இடத்திலேயே தம்ளர் தளும்பத் தளும்ப இருந்தது. ஒரு சொட்டுக் குறையவில்லை.

"காலியா இருக்கு அண்ணாச்சி," என்றேன். "குடிச்சிட்டாரு."