கண்ணாடியில் காணாமல் போன கொண்டை

1. பாளையம்பட்டியில் என் தங்கை அழகு நிலையம் திறந்தாள்.
2. நாற்காலிக்கு எதிரே அகலமான கண்ணாடியைச் சுவரில் அடித்த மரப்பலகையில் நானே ஒட்டினேன். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த தைரியம்.
3. திறப்பு நாளில் முதல் ஆளாக எம்.ரெட்டியபட்டி அத்தை வந்து உட்கார்ந்தார்.
4. கண்ணாடி மெதுவாகக் கீழே வழுக்கத் தொடங்கியது.

நான்காவதை அத்தைதான் முதலில் கவனித்தார்.

“ஏத்தா, என் கொண்டையக் காணோம்!”

“இப்பத்தான அத்த போட்டேன், தலையிலதான் இருக்கு,” என்றாள் தங்கை.

“இப்ப நெத்தியும் போயிருச்சுடி! கொண்டை போடச் சொன்னா தலையவே எடுத்துட்டியே!”

தங்கை நிமிர்ந்து பார்த்தாள்; கண்ணாடியின் மேல்விளிம்பு அத்தையின் கண் மட்டத்துக்கு இறங்கியிருந்தது. கடை திறந்த அன்றே கண்ணாடி உடைந்தால் அப்புறம் யார் உள்ளே வருவார்கள்? நான் ஓடிப்போய் அடி விளிம்பைத் தாங்கினேன். அத்தையும் எழுந்து மறுபக்கம் பிடித்தார்.

“விட்டுறாதத்தா, முத போணியே நான்தான்!”

மூவருமாகப் பத்திரமாக இறக்கி வைத்தோம். ஒரு கீறல்கூட இல்லை. சிரிப்பைத்தான் அடக்க முடியவில்லை.

நான் பூசியது மர வேலைக்கான வெள்ளைப் பசை. அதிலுள்ள நீர் வற்றினால்தான் பிடிக்கும். கண்ணாடி நீரை உறிஞ்சாததால், நடுவில் பசை தயிர்போல ஈரமாகவே இருந்தது.

இப்போது முகம் பார்க்கும் கண்ணாடிக்கென்றே விற்கும் சிலிக்கான் பசைதான் வாங்குகிறேன். புளித்த வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான், கண்ணாடியின் பின்பக்க ரசப்பூச்சை அரித்துவிடும். காற்றுப் போக இடைவெளி விட்டு, மேலிருந்து கீழாகக் கோடுகளாக இடுகிறேன். இறுகும்வரை அடியில் ஒரு மரச்சட்டம் தாங்கும்.

அப்படி மறுபடி ஒட்டிய தங்கை கடைக் கண்ணாடி அசையாமல் நிற்கிறது. அத்தை மட்டும் அதன்முன் உட்கார்ந்ததும் கொண்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.