ஆளுக்குப் பத்து ழ

எங்கள் வீட்டுக்குள் வந்த எந்தத் தாளும் நேராகக் குப்பைக்குப் போனதில்லை. அம்மா அதற்கென்று ஒரு வரிசை வைத்திருந்தாள். மளிகைக் கடையில் பருப்பு மடித்துக் கொடுத்த தாள் சுருக்கம் நீவப்பட்டு, பாய்க்கு அடியில் ஒரு நாள் கிடந்து, பிறகு அலமாரியில் விரிப்பாகும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு ஏறியதும் கீழே இறங்கி அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைக்கும். கடைசியில் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த கோணிப்பைக்குப் போகும். அடுப்புக் கோணி என்றுதான் சொல்லுவோம். அதற்குள் போன தாள் மறுநாளோ அதற்கடுத்த நாளோ எரிந்துவிடும். இதையெல்லாம் இப்போது மறுசுழற்சி என்று பெயர் வைத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார்கள். அம்மாவுக்கு அது வேறு வழியில்லாமல் செய்த வேலை.

மாநில எல்லையோரத்து மூக்கண்டப்பள்ளியில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த எட்டு வீடுகளில் எங்களுடையது ஐந்தாவது. எண்பதுகளின் நடுப்பகுதி. எட்டு வீட்டு ஆண்களும் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போனார்கள். அப்பா போனது இரும்பு உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி. அதில் அவர் காண்ட்ராக்ட் ஆள். இந்த வார்த்தை எனக்கு அப்போதே தெரியும். இதைவிட நன்றாகத் தெரிந்த இன்னொரு வார்த்தை பர்மனென்ட். ஃபேன் எப்போது வாங்குவோம் என்று கேட்டால் பர்மனென்ட் ஆகட்டும் என்பார்கள். தங்கைக்குக் காது குத்துவது, எனக்குப் புதுப் பை, அம்மாவுக்குப் புகையில்லாத அடுப்பு, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். பர்மனென்ட் என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் வரும் ஒரு பண்டிகை என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் அந்தப் பண்டிகை வந்துவிடும்போல இருந்தது. ஆறு பேரின் பெயர்கள் மேலே போயிருப்பதாகவும் அதில் அப்பாவின் பெயரும் இருப்பதாகவும் வீட்டில் பேசிக்கொண்டார்கள். பெயரை அடித்துவிடக் கூடாதே என்று அப்பா கூப்பிட்ட ஷிப்டுக்கெல்லாம் போனார். ஒரு ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவரைக் கதவருகில் நிறுத்தி இன்னொன்று பார்க்கச் சொன்னால், சரி என்று திரும்பி உள்ளே போய்விடுவார். வீட்டுக்கு வந்தால் தூக்கம்தான். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் படுத்திருப்பார். அவர் தூங்கும்போது நாங்கள் கிசுகிசுவென்று பேசுவோம், பாத்திரத்தைக்கூடத் துணி விரித்து அதன்மேல்தான் வைப்பாள் அம்மா. அந்த வருடத்து அப்பாவை நினைத்தால் துண்டுதான் ஞாபகம் வருகிறது, முகம் வருவதில்லை.

நான் இரண்டாம் வகுப்பு. எங்கள் டீச்சர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த முதல் வாரமே அவருக்கு எங்கள் பேச்சைக் கேட்டுத் தலைவலி வந்துவிட்டது. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், கால்வாசி கன்னடம். மீதியிருந்த எங்களுக்கும் ழ வராது. வாளப்பளம், மளை, கோளி என்றுதான் சொல்லுவோம். கிளவி என்று ஒருத்தி படித்தபோது டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, உங்கள் ஊரில் கிழவிகளே இல்லையா என்று கேட்டார். இருக்காங்க டீச்சர், எங்க வீட்ல ஒரு கிளவி இருக்குது என்று அவள் பதில் சொன்னாள். டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் டீச்சர் அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். வீட்டில் கிடக்கும் பழைய தாளிலிருந்து ஆளுக்குப் பத்து ழ வெட்டி, அட்டையில் ஒட்டித் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். ழ, ழி, ழு, ழ் எதுவாக இருந்தாலும் சரி. கட்டைவிரல் நகம் அளவாவது இருக்க வேண்டும். பொடி எழுத்தை ஏற்கமாட்டார். முக்கியமாக, வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து, அந்தச் சொல்லை அவர்கள் வாய்விட்டுப் படிக்க, நாம் கேட்டுத் திருப்பிச் சொல்லி, அதற்குப் பிறகுதான் வெட்ட வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோதே தேட ஆரம்பித்துவிட்டேன். எங்கள் வீட்டில் தாளுக்குப் பஞ்சமில்லை, தமிழுக்குத்தான் பஞ்சம். கடைக்காரர்களுக்குப் பழைய பேப்பர் பெங்களூரிலிருந்து மூட்டையாக வரும். எங்கள் பருப்பும் புளியும் கன்னடத்தில்தான் மடித்து வந்தன. அப்பா கொண்டுவரும் அட்டைப்பெட்டிகளில் இங்கிலீஷ். அம்மா பாகலூர்ப் பக்கத்துப் பெண். மூன்றாவது வரைக்கும் கன்னடத்தில் படித்தவள். தமிழ் பேசுவாளே தவிர, படிக்கத் தெரியாது. அலமாரி விரிப்பை எடுத்துக்கொண்டு போய் இதில் ழ எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவள் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எங்க படிப்புல அந்த எளுத்தே இல்லடி."

பிறகு நான் அடுப்புக் கோணியைக் கிளறினேன். எண்ணெய்க் காகிதங்களுக்கு அடியில், சணல் கட்டுகூடப் பிரிக்காமல், புத்தம்புதிதாக ஒரு கட்டு இருந்தது. ரோஸ் நிறத் தாள், சிவப்பு மை. மேலே ஒரே வரியில், என் கட்டைவிரலையே மறைக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில், தொழிலாளத் தோழர்களே விழித்தெழுங்கள் என்று போட்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். அந்த ஒரு வரியில் நாலு ழ. அடியில் உழைப்பவர் வாழ்வு என்று இன்னும் இரண்டு. எனக்குக் கைகால் ஓடவில்லை. இப்படி ஒரு தாள் உலகத்தில் இருக்கும் என்று டீச்சருக்கே தெரிந்திருக்காது.

அம்மா கட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். அவள் பார்த்தது அச்சு இல்லாத பின்பக்கத்தை. தமிழ் எழுத்து அவளுக்கு எப்படியும் படம்தான்.

"ஒரு பக்கம் முச்சூடும் வெள்ளையா கெடக்குது. இதப் போயி அடுப்புக்கு வெச்சிருக்காரு பாரு. தைச்சுக் குடுத்தா நீ கணக்குப் போட மாட்டியா?"

அப்பாவைக் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். இது மட்டும் எனக்கு நிச்சயமாக ஞாபகம் இருக்கிறது, கேட்டேன். அப்பா இரண்டு ஷிப்டு முடித்துவிட்டு நாலடி தள்ளிப் படுத்திருந்தார். துண்டு மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எளுப்பாத. அடுப்புல போற தாளுக்கு என்னாத்துக்குக் கேக்கறது?"

நோட்டு தைக்க ஒரு பத்துப் பதினைந்து தாளை அம்மா உருவிக்கொண்டாள். எனக்கு இரண்டு போதும். ஆனால் வகுப்பு முழுக்க ழ இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தினசரிக் காலண்டர் இருந்த வீட்டுப் பிள்ளைகள் கிழமை கிழமையாகக் கிழித்துப் பார்த்திருப்பார்கள், ஆனால் அது பொடி எழுத்து, செல்லாது. அந்த ஒரு நாளாவது எல்லாரும் என்னைச் சுற்றி நிற்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. மிச்சத் தாளையெல்லாம் பைக்குள் திணித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். மணி அடிப்பதற்குள் வேப்பமரத்தடியில் விநியோகம் ஆரம்பித்துவிட்டது. ஆளுக்கு இரண்டு. கேட்டவர்களுக்கு அண்ணனுக்கும் அக்காவுக்கும் என்று கூட ஒன்று. அப்பா கம்பெனி சூப்பர்வைசர் மகளுக்கு நானாகவே மூன்று கொடுத்தேன். அவளிடம் வாசனை ரப்பர் இருந்தது.

அந்தச் சனி ஞாயிறு இரண்டு நாளும் மூக்கண்டப்பள்ளியில் என்ன நடந்திருக்கும் என்று பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். டீச்சர் சொன்னபடியே பிள்ளைகள் அப்பாக்களை உட்கார வைத்திருப்பார்கள். அப்பாக்கள் விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக, வாய்விட்டுப் படித்திருப்பார்கள். காண்ட்ராக்ட் ஆட்களை ஏன் நிரந்தரம் செய்யவில்லை, கேட்கிறவனை ஏன் வெளியே அனுப்புகிறார்கள், எல்லாரும் சேர்ந்து கேட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் அதில் இருந்தது. சங்கத்து நோட்டீஸை அவ்வளவு சிரத்தையாக வேறு எந்த ஊரிலும் யாரும் படித்திருக்கமாட்டார்கள். சூப்பர்வைசரும் தன் மகளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். படித்து முடித்ததும் யார் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார். அவள் என் பெயரைச் சொல்லி, அவங்க அப்பாவும் உங்க கம்பெனிதான்பா என்றும் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் எனக்குச் சொல் படித்துக் காட்ட ஆள் இல்லை. அப்பா அந்த இரண்டு நாளும் வேலை, இல்லாவிட்டால் துண்டு. நானே எழுத்துக்கூட்டி, நானே வெட்டி, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன்.

திங்கட்கிழமை டீச்சர் அட்டைகளைச் சுவரில் வரிசையாக மாட்டினார். முப்பது அட்டையிலும் ஒரே சிவப்பு, ஒரே அச்சு. டீச்சர் ஓர் அட்டையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். யாரோ ஒரு பையன் சோம்பேறித்தனமாக எழுத்தை வெட்டாமல் முழு வரியையே ஒட்டியிருந்தான். இதெல்லாம் எங்கே கிடைத்தது என்று டீச்சர் கேட்க, வகுப்பே என்னைக் காட்டியது. நான் எழுந்து நின்றேன், பாராட்டுவார் என்று. அவர் உட்காரச் சொன்னார். இரண்டாவது பீரியடுக்குள் அட்டைகளையெல்லாம் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எனக்கு அழுகையாக வந்தது.

மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஷிப்டு நேரத்தில் அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். முகத்தில் துண்டு இல்லை. உள்ளே அம்மா அழுதுகொண்டிருந்தாள். ஆபீஸுக்குக் கூப்பிட்டு, ஒரு ரோஸ் தாளை மேஜையில் வைத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் குடுத்தியா பாப்பா?"

எல்லாருக்கும், ஒண்ணுகூட மிச்சமில்லை என்று பெருமையாகச் சொன்னேன். உனக்கு ஒட்டறதுக்கு வெச்சுக்கிட்டியா என்று கேட்டார். வைத்துக்கொண்டேன் என்றேன். நல்லது என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் சங்கத்து ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். அந்த நோட்டீஸ்களை அப்பாவிடம் கொடுத்திருந்த சேலத்துக்காரர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கம்பெனி கேட்டில் நின்று கொடுத்தால் பத்துப் பேர் வாங்குவான், எட்டுப் பேர் படிக்காமல் எறிவான் என்றார். வீட்டுக்கு வீடு, அதுவும் பிள்ளைகள் கையில் அனுப்பிவைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று மற்ற இருவரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, ஏதோ நம்மால ஆனதுங்க என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என்னை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

அப்பா அதற்குப் பிறகு பர்கூரில் கல் பாலிஷ் செய்யும் பட்டறைக்குப் போனார். விடிகாலை பஸ், இருட்டிய பிறகு திரும்பி வருவார், புருவத்தில் மாவு மாதிரி தூசி இருக்கும். அடுத்த வருடம் கம்பெனியில் கொஞ்சம் பேரை நிரந்தரம் செய்தார்கள். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் லட்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு பெட்டியை எங்களிடம் தள்ளினார். அவர் இறந்த அன்றும் சங்கத்து ஆட்கள் கொடி பிடித்துக்கொண்டு வந்து தைரியசாலி என்று பேசினார்கள்.

எனக்கு இருபத்தைந்து வயதில் ஒரு வேலை கிடைத்தது, நானும் நிரந்தரம் ஆவதற்குக் காத்திருந்தேன். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு மனு என்னிடம் வந்தது. மறுக்க வெட்கமாகவும் போடப் பயமாகவும் இருந்ததால், அதை மடித்து மேஜை டிராயரின் அடியில் வைத்துவிட்டு, மறந்துவிட்டதாக நடித்தேன். அன்றைக்குத்தான் அப்பா ஏன் அந்தக் கட்டைக் கோணியில் வைத்தார் என்று எனக்கு உறைத்தது. அவரால் அதை வாங்கமாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. பெரிய ஆள் ஆக வேண்டும் என்றெல்லாம் அவருக்கு ஆசை இல்லை. ஒரு ஃபேன் வாங்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும்.

ஏழு வயதில் இதெல்லாம் எங்கே தெரிந்தது? நான் செய்ததற்கு அப்பா பெயர் வாங்கிக்கொண்டார் என்று ஆத்திரப்பட்டு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நீதான் குடுத்தேன்னு அவங்க எல்லார்கிட்டயும் நான் சொல்லிடறேன், கோவிச்சுக்காத என்றார். நான் சமாதானமானேன். ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன், வந்தவர் போனவர் யாரிடமும் அவர் சொல்லவே இல்லை. அப்பா பொய் சொல்கிறார் என்று அம்மாவிடம் போய்ப் புகார் செய்தேன்.