தள்ளிவிட்ட கை

என் அண்ணனை ஒரு பெண் வேண்டுமென்றே கீழே தள்ளியதைப் பார்த்தபோதுதான், நானும் பிசியோதெரபி படிக்கலாமே என்று தோன்றியது.

துறைமுகத்தில் மூட்டை சரிந்து கால் நசுங்கிய அண்ணன், விழுந்துவிடும் பயத்தில் ஊன்றுகோலைத் தொடவே மறுத்துவந்தார். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒல்லியான யாழ்ப்பாணத்துப் பெண்மணி. வெள்ளைச் சீருடை, தடித்த கண்ணாடி. யாரைத் தொடுமுன்னும் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். இன்று நான் உள்ளே நுழைந்தபோது, மெத்தை விரிப்பில் அண்ணன் முதல் முறையாக ஊன்றுகோலுடன் நின்றிருந்தார். அந்தப் பெண்மணி கைகளைத் தேய்த்தார், அண்ணனைத் தள்ளிவிட்டார்.

நான் பாய்ந்து முன்னால் போனேன். “என்ன மிஸ், இப்படிப் பண்ணிட்டீங்க?”

“தேக்கா ரோட்டிலை இவர் விழேக்கை நான் பக்கத்திலை நிப்பனோ, தம்பி? விழப் பழகினால்தான் பயம் போகும்.”

கீழே கிடந்த அண்ணன் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. “இன்னொரு தடவை தள்ளுங்க மிஸ். வலிக்கலை லா.”

இந்த வேலையை நானும் கற்கலாமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“விழுந்து பாக்காத ஆளை நம்பி ஆர் எழும்பி நிப்பினம்? நாளைக்கு வாரும். முதல்லை நீர் விழும்.”

தள்ளுவதற்குக்கூட ஏன் கையைச் சூடாக்கினார் என்பது இன்னும் விளங்கவில்லை. நாளை அந்த விரிப்பில் நான் நிற்கப்போகிறேன். மிஸ் சொன்னபடி என்னைத் தள்ளப்போவது, எழுந்து நின்று, அண்ணன்.