முரளியின் வண்டியில் நான் தளர்த்திய நட்டு

முரளியின் ஸ்நோமொபைலைக் கெடுத்தது நான்தான்.

பனி அல்ல. வளைவு அல்ல. பின்னால் கட்டிய சாப்பாட்டு மூட்டையும் அல்ல. ஸ்பானரோடு அந்த வண்டிக்கு அடியில் படுத்தது இந்த உடம்புதான். தொப்பையோடு படுத்ததால் எழுந்திருக்கச் சற்று நேரமாயிற்று என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்; பிறகு எதையும் மறைத்தேன் என்று நீங்கள் சொல்லக் கூடாது.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். பொறாமை. வேறு கௌரவமான பெயர் ஏதாவது கிடைக்குமா என்று இத்தனை வருடங்களாகத் தேடிப் பார்த்துவிட்டேன்... இல்லை.

நியூஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்ட்டில் எங்கள் தமிழ்க் கூட்டத்துக்கு நான்தான் கோமாளி. யார் வீட்டு விருந்தானாலும், தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வாயைத் திறப்பதற்காகக் காத்திருப்பார்கள். அங்கே முரளி வந்து சேர்ந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன், ஈரோட்டுக்காரன். தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை சொல்வான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். நான் அதே சிரிப்பை வாங்க அரை மணி நேரம் குரங்காட்டம் ஆட வேண்டும்!

ஆனாலும் என்னிடம் ஸ்நோமொபைல் இருந்தது. முன்னால் சறுக்குப் பலகைபோல இரண்டு ஸ்கீ, பின்னால் அகலமான ரப்பர் பட்டை, பனிமேல் பறக்கும் மோட்டார் வண்டி. எங்கள் கூட்டத்தில் அதை முதலில் வாங்கியவன் நான். அதன்மேல் காலைப் போட்டு எடுத்த படம் ஊரில் எத்தனை வீடுகளில் ஷோகேஸில் இருக்கிறது தெரியுமா? அடுத்த குளிர்காலம் முரளியும் ஒன்று வாங்கினான். என்னுடையதைவிடப் பழசு. எனக்கு உள்ளூர நிம்மதி.

அந்த நிம்மதி ஒரு சனிக்கிழமையோடு போயிற்று.

வண்டியின் சஸ்பென்ஷனை ஓட்டுகிறவரின் எடைக்கு ஏற்றபடி திருத்தலாம் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் தெரியாது. வண்டி என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டபோதெல்லாம் பனியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். முரளியோ பார்க்கிங் லாட்டில் முழுக் குளிர் உடுப்போடு வண்டிமேல் உட்கார்ந்தான். அவன் மனைவி டேப்பைப் பிடித்து, பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்று அளந்தாள். மேனுவலைப் பார்த்து ஸ்பிரிங்கைத் திருகினான். பிறகு வண்டிக்கு அடியில் முன்பக்கமாக இருக்கும் ஒரு நாடாவின் நட்டை இறுக்கினான்.

"அது எதுக்கு?" என்றேன், தெரிந்தவன் சோதிப்பதுபோல.

"இதை இறுக்கினா ஸ்கீ ரெண்டும் பனியை நல்லாக் கவ்வும்ணா. லூஸா விட்டா மூக்கு லேசாயிரும். ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராத்தான் போகும். உங்களுதையும் செஞ்சு தரட்டுமா? ஒரு நிமிஷம் உட்காருங்க."

"என் வண்டி என்னை மாதிரி முரளி. திருத்த முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் நான் நேர்மையாகச் சம்பாதித்த கடைசிச் சிரிப்பு அது.

அதற்குப் பிறகு எங்கே பனி விழுந்தாலும் எல்லோருக்கும் முரளி வண்டிதான். என் மனைவி கல்யாணி ஒரு சுற்றுப் போய்விட்டு இறங்கினாள். "ஏங்க, இது சோபால உட்கார்ந்த மாதிரி இருக்கு. உங்க வண்டிலேர்ந்து இறங்கினா எலும்பெல்லாம் இருக்கான்னு எண்ணிப் பார்க்கணும்" என்றாள். கூட்டம் ஆரவாரித்தது. என் மனைவி, என்னை வைத்து, அவனுக்காக ஒரு நகைச்சுவை சொல்கிறாள்! என் பத்து வயது மகள் நித்யா கைதட்டினாள்.

அதை என்னால் பொறுக்க முடிந்திருந்தால் நீங்கள் இதைப் படிக்க வேண்டியிருந்திருக்காது.

பிப்ரவரியில் ஒரு நீண்ட வாரக்கடைசி. மூன்று குடும்பங்களாக நியூயார்க் மாநிலத்தின் வடக்கே மலையில் ஒரு கேபின் எடுத்திருந்தோம். காலையில் முரளி எல்லோருக்கும் ஃபில்டர் காபி போட்டுக்கொண்டிருந்தான். அதையும் அவன்தான் நன்றாகப் போடுவான்! நான் வெளியே வந்தேன். அவன் வண்டிக்கு அடியில் படுத்து, அந்த நட்டைக் கண்டுபிடித்து, ஸ்பானரால் போகும் வரை தளர்த்தினேன்.

நான் நினைத்தது என்ன? முதல் வளைவில் அவன் திரும்பாமல் நேராகப் போய்ப் பஞ்சுப் பனியில் புதைவான். எல்லோரும் பார்ப்பார்கள். நான் நிதானமாக, "முரளி, மேனுவல்ல இது எத்தனாவது பக்கம்?" என்று கேட்பேன். அவ்வளவுதான்... சத்தியமாக அவ்வளவுதான். அந்த வாக்கியத்தைப் பல் தேய்க்கும்போது இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன்.

உள்ளே போய் அவன் காபியைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மதியச் சாப்பாட்டை ஏரிக்கரையில் வைத்துக்கொள்வதாகத் திட்டம். பனியில் அமெரிக்கர்கள் பாக்கெட்டில் ஒரு சாக்லேட்டோடு போவார்கள். நாம் அப்படிப் போவோமா? புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு, அப்பளம்கூட. எல்லாம் எவர்சில்வர் சம்படங்களில். கல்யாணி அந்த மூட்டையை முரளி வண்டியின் பின்பக்கம் வைத்துக் கயிறு போட்டாள். பின்னால் பாரம் ஏறினால் முன்பக்கம் இன்னும் லேசாகும் என்பதை முரளி புண்ணியத்தில் நான் அறிவேன்.

"என் வண்டில வையேன்" என்றேன்.

"உங்க வண்டில வெச்சா தயிர்சாதம் போய்ச் சேரும்போது மோராயிடும்."

சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நித்யா அவன் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நான் அவள் பக்கம் ஓடினேன். "நித்யா, இறங்கு. அப்பாகூட வா."

"நோ டாட். யுவர்ஸ் இஸ் டூ பம்ப்பி."

"முரளி, வண்டி ஏதோ சரியில்ல மாதிரி இருக்கு. ஒரு தடவை பாரேன்."

"எந்த வண்டிண்ணா? உங்களுதா?" என்றான் முரளி, அந்தத் தாழ்ந்த குரலில்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு வயிற்றுவலி என்றேன், சிரித்தார்கள். வானம் சரியில்லை என்றேன். வானம் அன்று பளிங்குபோல இருந்தது, இன்னும் சிரித்தார்கள். இருபது வருடம் கோமாளியாக இருந்தவன் நிஜமாகவே பயந்தால் அது எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் அன்று கையை ஆட்டிக் காலை ஆட்டிப் பதறியதைப் பார்த்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

ஆனால் ஒரு வாக்கியம் இருந்தது. 'நட்டைத் தளர்த்தியது நான்.' அதைக் கேட்டால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். வாய்வரை வந்தது... முரளியின் முகத்தைப் பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

என் குற்றம் நட்டு அல்ல என்று நான் நினைப்பது இதனால்தான். நட்டைத் திருகும்போது என் மகள் அந்த வண்டியில் இல்லை. வாயை மூடும்போது இருந்தாள்.

அவர்கள் கிளம்பியதும் பின்னாலேயே விரட்டினேன். என் வண்டி என்னைப் பந்தாடியது. முரளி மெதுவாகத்தான் போனான், குழந்தை இருக்கிறாளே என்று. பைன் மரங்களை ஒட்டிப் பாதை இடதுபுறம் திரும்பியது. அவன் ஹேண்டிலைத் திருப்பியது எனக்குத் தெரிந்தது. ஸ்கீ இரண்டும் திரும்பின. வண்டி திரும்பவில்லை.

மரம் நெருங்கியபோது, அவன் ஒரு கையைப் பின்னால் விட்டு நித்யாவைப் பிடித்துப் பனியில் தள்ளினான். அந்த ஒரு நொடியைத் தனக்காக வைத்துக்கொண்டிருந்தால் அவன் குதித்திருக்கலாம். மரம் அவன் தோளில் மோதியது.

நித்யாவுக்கு உதட்டில் ஒரு கீறல். பனியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சுற்றிலும் வெள்ளைப் பனிமேல் புளியோதரை. நான் ஓடினேன், விழுந்தேன், தவழ்ந்தேன். அவளைக் கட்டிக்கொண்டு முரளியைப் பார்த்தேன். அவன் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அப்போது என் வாய்... என் கேடுகெட்ட வாய், பயத்தில் கையில் கிடைத்ததை எடுத்துப் போட்டது.

"மேனுவல்ல இது எத்தனாவது பக்கம் முரளி?"

அவன் சிரித்தான். காரை எலும்பு உடைந்த நிலையில் படுத்துக்கொண்டு, எனக்காகச் சிரித்தான்.

அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, வண்டியை டிரெய்லரில் ஏற்றி வருவதாக நான் முன்வந்தேன். எவ்வளவு பொறுப்பு என்று எல்லோரும் பாராட்டினார்கள். ஏற்றுவதற்கு முன் நட்டைப் பழையபடி இறுக்கினேன்.

ஆஸ்பத்திரியில் அவன் கண் கலங்கியிருந்தது. "சாரிண்ணா. மூட்டையைக் கட்டினப்பவே நான் யோசிச்சிருக்கணும். என் ஒருத்தன் வெயிட்டுக்குத்தான் செட் பண்ணேன். உங்க குழந்தைண்ணா..."

"விடு முரளி. அவளுக்கு ஒண்ணும் ஆகல இல்ல" என்றேன்.

கவனித்தீர்களா? அவனை நான் மன்னித்தேன்!

கல்யாணி மன்னிக்கவில்லை. பேசுவாள், காபி கொடுப்பாள். பழைய சிரிப்பு இல்லை. அவன் வண்டியை விற்றுவிட்டான். விருந்துகளில் இப்போது அவன் அதிகம் பேசுவதில்லை. நான் பேசுகிறேன். புளியோதரை பறந்த கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள், சொல்கிறேன். சிரிக்கிறார்கள். எனக்கு வேண்டியது எல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது. இதைவிட அருவருப்பான வாக்கியம் ஒன்றை நான் எழுதியதில்லை.

நித்யா இப்போது ஹைஸ்கூல். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு வகுப்புக்கு முரளி தன் மகளை அழைத்துப் போகும்போது எங்கள் வாசலில் நிற்பான். போன வாரமும் நின்றான்.

"அண்ணா, நித்யாவை நான் கூட்டிட்டுப் போகட்டுமா? மெதுவாத்தான் ஓட்டுவேன்."

"தாராளமா" என்றேன்.

கல்யாணி சாவியை எடுத்துக்கொண்டாள். "வேண்டாம் முரளி. நானே கொண்டு விடறேன்."

"சரிங்க அண்ணி."

படி இறங்கும்போது திரும்பி என்னைப் பார்த்தான். நீங்களாவது என்னை நம்புகிறீர்களே என்ற நன்றி அந்தப் பார்வையில் இருந்தது.

அதையும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.