தொப்பிக்காரர் கேட்ட தண்ணீர்

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய சமயம். பிரசவ வலியோடு என்னை மேலூரிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் அழைத்துப் போனார் என் கணவர். முதல் பிள்ளையை வீட்டிலேயே பெற்றுப் பறிகொடுத்தவள் நான். இதாவது தங்க வேண்டுமே என்று மீனாட்சியை வேண்டிக்கொண்டே இருந்தேன்.

முன் இருக்கையில் கால்சட்டையும் தொப்பியுமாக ஒரு பத்திரிகைக்காரர். பர்மா, சயாம், பாக்தாத் என்று கலவரம் நடக்கிற ஊர்களாகப் பார்த்துச் சுற்றியவராம். "சயாம்ல சலவைக்குப் போட்ட சட்டையை வாங்கப் போனேன். திரும்பி வாரதுக்குள்ள ராஜாங்கமே மாறிப்போச்சு. சட்டை அழுக்கு மட்டும் போகல" என்றார். சிரித்தால் எனக்கு வலி கூடியது. அதனால் அவர் மேல் எரிச்சலும் வந்தது.

பாதி வழியில் புளியமரத்தை வெட்டிச் சாலையில் போட்டு, ஊர்க்காரர்கள் கம்போடு மறித்து நின்றார்கள். வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லி எங்கும் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். டிரைவர் இறங்கி, பிரசவத்துக்குப் போகிற பெண் இருக்கிறாள் என்றார். பதிலுக்குக் கல்தான் வந்தது. "காலையில இப்படிச் சொல்லித்தான் போலீஸ் ஊருக்குள்ள வந்துச்சு" என்று கத்தினார்கள்.

பத்திரிகைக்காரர் இறங்கினார். தொப்பியைக் கண்டதும் வெள்ளைக்காரனின் ஆள் என்று நினைத்துக் கம்பை ஓங்கினார்கள். அவரோ சாவகாசமாக, "அண்ணே, முதல்ல குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க. பெறகு அடிக்கலாம்" என்றார்.

வயலில் கூலி வேலை பார்ப்பவர் போலிருந்த ஒருவர், "எங்க கலயத்துல குடிப்பீகளா?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் அது சின்னக் கேள்வி இல்லை. தாகத்தில் செத்தாலும் எங்கள் வீட்டார் அந்தக் கலயத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். இவர் வாங்கி நீராகாரத்தை மடமடவென்று குடித்துவிட்டு, கடித்துக்கொள்ள வெங்காயம் இருக்கிறதா என்றும் கேட்டார். யாரோ சிரித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் தண்ணீர் கொடுத்த கையால் அடிக்க மாட்டார்கள்.

"நம்பிக்கை இல்லன்னா நீங்களே வந்து பாருங்கண்ணே" என்று கலயம் கொடுத்தவரைக் கூட்டி வந்தார். வந்தவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். "மரத்தைத் தூக்குங்கடா" என்று திரும்பி ஓடினார். தொப்பிக்காரரும் போய்த் தோள் கொடுத்தார்.

வண்டி கிளம்பிய பிறகுதான் அவர் ஒரு சுருட்டைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சி வீணாக்குவதைப் பார்த்தேன். பயந்துவிட்டீர்களா என்று கேட்டேன். "போன நாட்டுல எல்லாம் பயந்தவன்தான், தங்கச்சி. இது நம்ம ஊரு, இங்க கொஞ்சம் கூடவே பயந்துட்டேன்" என்றார்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அவர் பேரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. எங்கள் வயலில் வேலைக்கு வருகிறவர்களின் கலயத்தில் ஒரு வாய் கேட்டு வாங்கிக் குடிக்கிற பழக்கம் எனக்கு அன்றிலிருந்துதான் வந்தது. குடிக்கும்போதெல்லாம், நாடு நாடாகச் சுற்றிய அந்த மனிதர்தான் எங்கள் ஊரை எனக்குக் காட்டினார் என்று நினைத்துக்கொள்கிறேன்.