ஆர்.டி.ஓ.விலிருந்து வந்த போன்

ஏழாங்கிளாஸ் தாண்டாதவன் நான். கிளீனராக டயர் கழுவி, டிரைவராகி, இன்று நல்லம்பள்ளிப் பக்கம் சொந்த ஷெட் போட்டு ஒன்பது லாரி ஓட்டுகிறேன். எந்த வண்டிக்கு எஃப்.சி. எப்போது, பர்மிட் எப்போது என்று காகிதம் பார்க்காமல் சொல்வேன். என் வண்டி ஒருநாளும் சும்மா நின்றதில்லை. அப்படிச் சொல்லிக்கொள்ள இந்த வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது.

ஒருநாள் காலை ஷெட்டில் டிரைவர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பெண் குரல். என்னிடம் பத்து வருஷமாக ஓட்டுகிற ஒரு டிரைவரின் பேரைச் சொல்லிக் கேட்டது.

"ஓனர் பேசறேன், சொல்லும்மா."

"ஏ.ஆர்.டி.ல இருந்து கூப்பிட்டாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க சார். தேதி தாண்டிடுச்சு. உடனே வரணும்."

என் காதில் விழுந்தது ஆர்.டி.ஓ. லாரிக்காரன் காதில் வேறென்ன விழும்? ஓரமாக ஸ்டெப்னி கழற்றிக்கொண்டிருந்த அந்த டிரைவரைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏண்டா, ஆர்.டி.ஓ.ல இருந்து உன் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. தேதி தாண்டிடுச்சாம். லைசென்ஸை விட்டுட்டியா? என் ஷெட்டுக்கே அசிங்கம்!"

"ஆர்.டி.ஓ.வே போன் போட்டு அழைக்கிறாருன்னா அண்ணன் பெரிய ஆளுதாம்பா," என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. கம்பியைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வரச்சொல்லிக் கண் காட்டினான்.

"அது ஆர்.டி.ஓ. இல்லீங்ணா. ஏ.ஆர்.டி. பெரியாஸ்பத்திரியில எச்.ஐ.வி.க்கு மாத்திரை குடுக்கற எடம்."

வேறொருத்தன் முகம் முன்னால் வந்து நின்றது. நான் முதல் லாரி வாங்கிய காலத்தில் என்னோடு வடக்கே ஓட்டியவன். அவனுக்கு அந்த நோய் என்று பேச்சு வந்ததும் தனி டம்ளர் வைத்தேன். பிறகு, இனி வராதே என்றேன். கடத்தூர் சந்தையில் எலும்பாக நின்றவன் என்னைப் பார்த்துக் கை தூக்கினான். நான் பார்க்காத மாதிரி நடந்தேன். கொஞ்ச நாளில் செத்துப்போனான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"உங்க நம்பரைக் குடுத்தது தப்புதாங்ணா," என்றான் இவன். "லைன்ல வண்டி ஓட்டறப்ப எனக்கு டவர் கிடைக்காது. வூட்ல அம்மாதான் போன் எடுக்கும். சம்சாரத்துக்கு மட்டுந்தான் தெரியும். அவளுக்கும் பாத்தாச்சு, இல்லைன்னுட்டாங்க. மாத்திரை போட்டா நல்லா இருக்கேன். ரத்தம் பாத்து எழுதி வெச்சுக்கறாங்க. நடுவுல விட்டாத்தான் மருந்து கேக்காமப் போயிடுமாம்."

"அப்புறம் ஏண்டா விட்ட?"

தலையைக் குனிந்துகொண்டான். "கவுஹாத்தி போயிட்டு வந்த அன்னைக்கே மறுபடியும் கவுஹாத்தி அனுப்பிட்டீங்க. மாத்திரை தீந்துபோச்சு. லீவு கேட்டா என்ன ஏதுன்னு கேப்பீங்க. சொன்னா வேலை போயிடும்."

என் வண்டி நிற்காமல் ஓடியது. இவன் மருந்து நின்றது. அது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தொட்டியடியிலிருந்து திரும்பி வந்தோம். எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். நான் வழக்கமான குரலில் கத்தினேன். "ஒழுங்கா ஆர்.டி.ஓ. வேலையை முடிச்சுட்டு வா. அதுவரைக்கும் உன் வண்டி நிக்கட்டும்."

வண்டி நிற்கட்டும் என்று என் வாய் சொன்னதை டிரைவர்கள் நம்பவில்லை. அன்று அது ஷெட்டிலேயே நின்றது.

இப்போது அவனுக்குப் பெங்களூர் லைன் மட்டும்தான். மாத்திரை வாங்கும் நாளுக்கு முதல் நாள் நானே சத்தமாகக் கேட்பேன்: "நாளைக்கு ஆர்.டி.ஓ. இருக்குதில்ல?" போன மாதம் அவன் பக்கத்தில் வந்து, "நம்பரை மாத்திக் குடுத்துடட்டுங்களாண்ணா? உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு," என்றான்.

"மாத்தாத," என்றேன். "நீ தேதி தப்பினா என்னைக் கேக்கட்டும்."

அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதினேன். சந்தையில் கை தூக்கியவனிடம் கேட்க வழியில்லை.